ஒரு கால் குட்டை என்று தேடி வருகிறவர்கள்

அன்பு மகள் பர்வீனுக்கு,

உன் மீதும் மாப்பிள்ளை மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நீ திருச்சிக்குப் போய் இருபது நாளாகிறது. நானும் உன் அம்மாவும் நலம். பாண்டிச்சேரி சாரத்தில் நம் வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. நெட் வேலை செய்யாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் இரண்டு பேருக்கும் இன்னும் தெரியவில்லை. நேற்று முன்தினம் நீ போனில் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை தன்னுடைய தையல் மெஷின் பழுது பார்க்கும் கடைக்கு வெப்சைட் ஆரம்பிக்கிறார், யாரோ ஒருவன் மாதம் ஆயிரக்கணக்கில் ஆள் வரவைக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறான் என்றாய். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு அத்தா. நம்ம கடைக்கு எப்படி ஆள் வந்தாங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க" என்றாய். நீயே எழுதலாமே என்று கேட்டதற்குச் சிரித்தாய். "நான் எழுதுனா நான் செஞ்சது மட்டும்தான் இருக்கும். நீங்க செஞ்சதும் இருக்கணும்ல?" நான் என்ன செய்தேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதை நம் கடையின் பக்கத்திலேயே போட்டுவிடவும் நினைக்கிறேன். மாப்பிள்ளையைப் போல யோசிக்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். முல்லா வீதியில் நமக்கு ஒரு செருப்புக் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் தைக்கிற இடம். நீ பிறந்து சில வாரத்தில் இடது இடுப்பு மூட்டில் சீழ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாய். அந்தக் கால் மட்டும் வளர்ச்சியில் பின்தங்கி, இரண்டு விரல் உயரம் குறைந்துவிட்டது. ஐந்து வயதில் டாக்டர், இடது செருப்பின் அடியை உயர்த்திக் கொடுத்தால் முதுகு கோணாமல் வளரும் என்றார். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முதல் ஜோடி செங்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி கனத்தது, நீ அழுதாய். இரண்டாவது வழுக்கியது. நான்காவதில்தான், மெத்தென்ற ரப்பர் ஷீட்டை அடுக்கடுக்காக ஒட்டி, முன்பக்கம் சரித்துச் செதுக்கியபோது, நீ கடைக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஆடாமல் நடந்தாய். என் தொழிலில் அதுபோல ஒரு நாள் எனக்கு வந்ததில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் உனக்குப் புது ஜோடி. ஆனால் அப்படி ஒன்றை நான் செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கடையின் கண்ணாடி அலமாரியில் எல்லாச் செருப்பும் இருக்கும், அது மட்டும் இருக்காது.

நான் மறைத்தது செருப்பை மட்டும் அல்ல. நீ ஆறாவது படிக்கும்போது பள்ளி விளையாட்டு விழா அணிவகுப்பில் உன்னையும் சேர்த்திருந்தார்கள். யூனிபார்ம் முட்டிவரைதான் வரும், உயர்த்திய அடி எல்லோர் கண்ணிலும் படும். அன்று காலை டீச்சருக்குப் போன் செய்து உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் நீ வெள்ளை உடுப்பும் சாக்ஸுமாக வாசலில் நிற்கிறாய். புறங்கையால் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். பிறகு உள்ளே போய் சாக்ஸைக் கழற்றினாய். அடுத்த வருடத்திலிருந்து நீயே பேர் கொடுக்கவில்லை. நான் அதை உன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இத்தனை வருடத்தில் இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

நீ கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்த வருடம், கடைக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம். என்ன எழுத என்று கேட்டாய். "பாண்டிச்சேரியிலேயே சிறந்த செருப்புக் கடைன்னு எழுதும்மா" என்றேன். எழுதினாய். நாலு படம் போட்டாய். ஒரு மாதத்தில் வந்தவர்கள் நீ, நான், உன் அம்மா, உழவர்கரையில் இருக்கும் உன் மாமா. மாமாவிடம் நானே கேட்டு, கடையைப் பாராட்டி எழுதச் சொன்னேன். "இந்தச் செருப்பு போட்ட பிறகு என் கால் வலி பறந்துவிட்டது" என்று எழுதினார். அவருக்குக் கால் வலியே கிடையாது என்பது உனக்குத் தெரியும். மறுநாளே எடுத்துவிட்டாய். அப்போது எனக்கு உன் மேல் கோபம்தான்.

அதற்கடுத்து நான் செய்ததுதான் மாப்பிள்ளை கவனமாகப் படிக்கவேண்டிய இடம். மார்க்கெட்டில் பை விற்கிற ஒரு நண்பர் எனக்கு யோசனை சொன்னார். "பாய், பாண்டிக்கு வர்றவன் எதைத் தேடுறானோ அதையெல்லாம் உங்க பக்கத்துக்கு அடியில சின்ன எழுத்துல போட்டுடுங்க. தன்னால வந்து விழுவானுங்க." நீ உன் சிநேகிதி கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில், உன் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி, பீச் பக்கத்தில் ரூம், ஸ்கூட்டர் வாடகை, படகு சவாரி, நல்ல பிரியாணி என்று பக்கத்தின் அடியில் வரிசையாக அடித்து வைத்தேன். வந்தார்கள் பர்வீன்! எண்ணிக்கை காட்டும் பக்கத்தில் கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. நான் அதைக் காலையும் மாலையும் பார்த்துப் பூரித்துப்போனேன். கடைப் போனும் ஓயாமல் அடித்தது. "சார், ஸ்கூட்டர் ரெண்டு நாளைக்கு வேணும், ஹெல்மெட் தருவீங்களா?" "கடல் பாத்த ரூம் இருக்கா?" சனிக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து வந்த ஆறு பேர் பெட்டியோடு கடைக்குள்ளேயே வந்து நின்றார்கள். நான் செருப்பைக் காட்டினேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீ திரும்பி வந்து எல்லாவற்றையும் பார்த்தாய். கத்தவில்லை. "எத்தனை பேரு வந்தாங்க அத்தா?" என்றாய். பெருமையாகச் சொன்னேன். "அதுல எத்தனை பேருக்குச் செருப்பு வேணும்?" நான் எண்ணிக்கைப் பக்கத்தையே மறுபடி காட்டினேன். "எவ்ளோ பேரு வர்றாங்கங்கறது முக்கியமில்ல அத்தா. யாரு வரணுமோ அவங்க வரணும். ரூம் தேடி வந்தவன் நம்மள திட்டிட்டுத்தான் போவான். அடுத்தவாட்டி நம்ம பேரப் பாத்தாலே தாண்டிப் போயிடுவான்." நீ சொன்னபடியே ஆயிற்று. சம்பந்தமில்லாத சொல்லை அடைத்து ஆள் பிடிக்கிற கடை இது என்று, நெட்டில் தேடித் தருகிற கம்ப்யூட்டருக்கும் தெரிந்துபோய், நம் பக்கம் கண்ணிலேயே படாமல் போனது. கடைப் பேரை முழுதாக அடித்தால்கூட வரவில்லை. நான் அடித்ததையெல்லாம் எடுத்துவிட்டு, அது மறுபடி தலைகாட்ட நீ மாதக்கணக்கில் காத்திருந்தாய்.

அந்தக் காத்திருப்பில்தான் நீ அந்தப் பக்கத்தை எழுதினாய். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டேன். 'என் இடது கால் வலது காலைவிடக் குட்டை' என்பது அதன் முதல் வரி. எப்போது தெரிந்தது, எந்த வயதில் என்ன வலித்தது, உயர்த்திய செருப்புக்கு முன் எப்படி நடந்தாய், பின் எப்படி நடக்கிறாய், பள்ளிக்கூட ஷூவில் எப்படிச் செய்தோம் என்று எல்லாம் எழுதி, உன் இரண்டு பாதத்தையும் செருப்போடு படம் எடுத்துப் போட்டிருந்தாய். பள்ளிவாசலில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உம்ம பொண்ணு இப்படி எழுதியிருக்கே, தெரியுமா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன் என்று நான் மறக்கவில்லை. "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு இப்படி ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவியா? யாரு உன்னைக் கட்டுவான்? எடு அதை." உன் அம்மா நடுவில் வந்தாள். "அவ காலு, அவ எழுதுறா. உங்களுக்கு என்ன?" என்றாள். நான் அவளையும் அதட்டினேன். நீ எழுந்து போய் பக்கத்தை எடுத்துவிட்டாய். அதன் பிறகு கடைக்கு வந்தாய், வேலை பார்த்தாய், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாய். பத்து நாள் அப்படியே போயிற்று.

பதினோராம் நாள் ஒரு பெண் வந்தாள். பேர் செல்வி, கள்ளக்குறிச்சிப் பக்கம், கூலி வேலை. கூடவே ஒன்பது வயதுப் பெண், கௌசல்யா. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். குழந்தை ஒரு காலை ஊன்றி மறு காலை விரலால் தொட்டு நின்ற நிற்பைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. செல்வி தன் போனை எடுத்து நீட்டினாள். அதில் நீ எழுதியதைப் படம் பிடித்து வைத்திருந்தாள். "இத எழுதுன பொண்ணப் பாக்கணும்ணா. எங்க தம்பிதான் போன்ல 'ஒரு கால் குட்டை, ஸ்கூல் ஷூ'ன்னு போட்டுப் பாத்தான். இது வந்துச்சு. நேத்து மறுபடி பாத்தா காணோம். எடுத்துட்டாங்கபோல, எங்க கிளம்பிப் போயிட்டாங்களோன்னு பயந்துட்டே ஓடியாந்தேன்." பின்பக்கத்திலிருந்து நீ வந்தாய். கௌசல்யா உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உனக்கும் குட்டையா?" என்றாள். நீ அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, சல்வாரை முட்டிவரை தூக்கி, செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக் காட்டினாய். கடையில் வேறு நாலு பேர் இருந்தார்கள். தெருக்கதவு திறந்திருந்தது. "என்னோடது உன்னோடதவிடக் கொஞ்சம் அதிகமாவே குட்டை, பாரு" என்றாய். அந்தக் குழந்தை தன் காலை உன் காலுக்கு நேரே வைத்து அளந்து பார்த்து, "ஆமா, நீதான் ரொம்ப" என்று சொல்லிச் சிரித்தது. தன்னுடையதைவிடக் குட்டையான காலை அது அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது என்று செல்வி சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் அளவுக் காகிதம் எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

அன்று அவர்கள் போன பிறகு நான் உன்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான். "அந்தப் பக்கத்தைப் போட்டுடும்மா." நீ நிமிர்ந்து பார்த்து, "நிசமாவா?" என்றாய். "அந்தப் புள்ள மாதிரி இன்னும் எத்தன இருக்குமோ" என்றேன். என்னுடைய எல்லாத் தப்பையும் ஒப்புக்கொள்ள எனக்கு அவ்வளவுதான் அன்றைக்கு முடிந்தது.

அதிலிருந்து நாம் செய்ததெல்லாம் மிகச் சாதாரணம். மாப்பிள்ளைக்கு இதை அழுத்தமாகச் சொல். கடைக்கு வருகிறவர், போன் செய்கிறவர் முதல் வாக்கியத்தில் என்ன சொல்கிறாரோ, அதை நான் செருப்புப் பெட்டியின் மூடியில் அப்படியே எழுதிவைப்பேன். வாரக் கடைசியில் நீ அந்த மூடிகளை எடுத்துக்கொண்டு உட்கார்வாய். டாக்டர் சொல்கிற பெரிய சொல்லை யாரும் தேடுவதில்லை. 'நடந்தா இடுப்பு ஒரு பக்கம் சாயுது', 'ஆபரேசனுக்கு அப்புறம் கால் உயரம் கொறஞ்சிடுச்சு', 'ஒரு செருப்பு மட்டும் சீக்கிரம் தேயுது' என்றுதான் தேடுகிறார்கள். அவர்கள் எந்த வார்த்தையில் தவிக்கிறார்களோ, அந்த வார்த்தையையே தலைப்பாக வைத்து, கீழே நேர்மையாகப் பதில் எழுதினாய். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். குட்டைக் காலின் அடியில் பள்ளி நோட்டை ஒவ்வொன்றாக அடுக்கி, இடுப்பு சமமாகும்போது அந்த அடுக்கை அளந்து பார், பிறகு டாக்டரிடம் போய் உறுதி செய்துகொள் என்று நீ எழுதிய பக்கத்தைத்தான் இன்றைக்கும் அதிகம் பேர் படிக்கிறார்கள். அதில் நம் கடையின் பேர் கடைசி வரியில்தான் வருகிறது. நம்மிடம் வாங்காமல் அளவு மட்டும் தெரிந்துகொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள்தான் அடுத்தவருக்குச் சொன்னார்கள். விழுப்புரத்தில் கால் பயிற்சி கொடுக்கிற ஒருவர் தானே போன் செய்து, தன் வெப்சைட்டிலிருந்து நம் பக்கத்துக்கு லிங்க் வைக்கலாமா என்று கேட்டார். நாம் யாருக்கும் விளம்பரத்துக்கென்று எதுவும் கொடுக்கவில்லை, யாரையும் கெஞ்சவுமில்லை.

எங்களால் முடியாதவை என்று ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று நீ சொன்னபோது எனக்கு மறுபடியும் பழைய புத்தி வந்தது. "வர்றவங்கள நாமளே திருப்பி அனுப்பணுமா?" என்றேன். கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீனவர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? சர்க்கரை நோய், பாதம் மரத்துப்போய், அடியில் புண் இருப்பதே தெரியாமல் செருப்புக்கு அளவு கொடுக்க வந்தார். நீ காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் புண்ணோட செருப்பு போடக் கூடாதுங்க, மொதல்ல ஆஸ்பத்திரி" என்று ஆட்டோ பிடித்து அனுப்பினாய். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். புண் ஆறியதும் செருப்புக்கு வந்தார், தன் தெருவிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புண் இருந்தால் எங்களிடம் வராதீர்கள் என்ற பக்கத்தை அன்றைக்கு நானே உன்னிடம் கேட்டு எழுதவைத்தேன்.

மாப்பிள்ளைக்கும் அதுதான். தையல் மெஷின் சர்வீஸ் என்று எந்த டெய்லரும் தட்டமாட்டார். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது, மோட்டார் போட்டதிலிருந்து சத்தம் வருகிறது என்றுதான் தட்டுவார். வீட்டிலேயே சரிசெய்ய முடிந்ததை வீட்டிலேயே செய்யச் சொல்லிக் கொடுக்கட்டும். அப்படிச் சொல்லிக் கொடுத்தவரிடம்தான் பெரிய பழுதுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பொறுமை வேண்டும். நமக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஆயிரக்கணக்கான ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர்களில் ஒருவரிடம்கூடத் தையல் மெஷின் இருக்காது.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும், இதை நீ அறியமாட்டாய். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் சம்பந்தி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் கையமர்த்தினார்கள். "நாங்க அவ எழுதுனத எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் வந்தோம்ணே. எம் மவன் ரெண்டு தரம் படிச்சான். கால மறைக்காத பொண்ணு வேற எத மறைக்கப் போவுது?" நான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். யாரு உன்னைக் கட்டுவான் என்று நான் கத்தியது எனக்கு அடுப்படியில் காதில் ஒலித்தது. உன் அம்மா என்னைப் பார்த்து, "என்ன, கண்ணு கலங்கியிருக்கு?" என்றாள். புகை என்றேன். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று அவள் கேட்கவில்லை.

நீ போன பிறகு பக்கங்களை யார் எழுதுவது என்று கவலைப்பட்டாய். போன வாரம் நான் ஒன்று எழுதினேன். திண்டிவனத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மகளுக்குப் பதினான்கு வயது, ஒரு கால் குட்டை. "பாய், வெளியில தெரியாத மாதிரி செய்ய முடியுமா? ஊருல யாருக்கும் தெரியாது. சொந்தக்காரங்களுக்கே தெரியாது" என்று தணிந்த குரலில் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் உன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, 'வெளியில் தெரியாமல் செய்ய முடியுமா?' என்று தலைப்பு வைத்தேன். கொஞ்சம் உயரத்தை உள்ளே வைத்து மறைக்கலாம், மீதி தெரியத்தான் செய்யும் என்று தொழில் விவரத்தை முதலில் எழுதினேன். அதற்குக் கீழே, நானும் ஒரு தகப்பன், நானும் மறைத்தவன்தான் என்று ஆரம்பித்து, அந்த விளையாட்டு விழாவை எழுதினேன். மறைத்ததால் என் மகளுக்கு ஒரு நன்மையும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை என்று எழுதி முடித்தேன். இரண்டு விரலால் அடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து, ஆனால் எதையும் எடுக்காதே. அவருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேன். நாலு நாளாகப் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

இன்று காலை கடை திறந்ததும் போன் அடித்தது. எடுத்தால் அவர் இல்லை, ஒரு சின்னப் பெண்ணின் குரல். "அங்கிள், நீங்க எழுதுனத எங்கப்பா எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. வியாழக்கிழமை வரோம். ஸ்கூல் ஷூவும் வேணும், சிவப்புல ஒரு செருப்பும் வேணும். செய்வீங்களா?" செய்வேன் என்றேன். "பஸ் ஸ்டாண்டுல எறங்கி எப்படி வரணும்?" என்று கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன், இத்தனை பக்கம் எழுதிய நாம் கடைக்கு வரும் வழியை ஒழுங்காக எழுதவே இல்லை. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வருகிற கடைக்கு வழி எழுதாமல் இருந்திருக்கிறோம். இந்தக் கடிதத்தை இத்துடன் நிறுத்திவிட்டு அதைத்தான் எழுதப் போகிறேன். பெரிய மார்க்கெட் வரை ஆட்டோ, அங்கிருந்து தெற்கே எத்தனை அடி, எந்த இடத்தில் படி இருக்கிறது, எந்தப் பக்கம் நிழல் என்று முதலில் நானே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அம்மா உங்கள் இருவரையும் ரொம்பவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

என்றும் உன் நலத்துக்காகக் கையேந்தும்,
அத்தா